தூக்கம் வரவில்லையா, தேவைப்படவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டி, பிள்ளைகளின் ‘மூடு’ பற்றிப் பத்திரிகைகளில் பத்திகள் வருகின்றன. பைபோலார் நோய்க்கு அவற்றில் கிடைப்பது ஒரே வரி: ‘சில நேரம் குஷி, சில நேரம் சோகம்.’ மருத்துவ நூல்கள் இருமுனையக் கோளாறு என்று எழுதும் இந்த நோயை அந்த ஒரு வரி இரண்டு பக்கமும் கெடுக்கிறது. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தும் எட்டாம் வகுப்புப் பையனுக்கெல்லாம் ‘பைபோலாரா இருக்குமோ’ என்று தேடுகிறார்கள்; நிஜமாகவே நோய் வந்த பெண்ணை ‘வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடுகிறார்கள். பெங்களூரில் தமிழ்க் குடும்பங்களுக்கு மருத்துவமனையிலும் பள்ளியிலும் இதை விளக்கிச் சொல்வது எங்கள் தொழில். நாங்கள் சொல்ல வந்தது இதுதான்: பிள்ளையின் மனநிலையைப் பார்க்கும் முன் அதன் தூக்கத்தைப் பாருங்கள், தேதி போட்டுப் பாருங்கள்.

அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் விவேக்நகரிலிருந்தும் வரும் அம்மாக்கள் டாக்டரிடம் கன்னடத்தில் சொல்லும் முதல் வாக்கியம் ‘நித்தெ பரல்ல’. தூக்கம் வரவில்லை என்று அர்த்தம். படுத்துப் புரண்டு, தூக்கம் பிடிக்காமல், காலையில் கண் எரிச்சலோடு எழும் பிள்ளைக்கு அது பொருத்தமான வார்த்தைதான். பரீட்சை பயத்திலும் மனச்சோர்விலும் அப்படித்தான் இருக்கும். பைபோலாருக்கு ஒரு முனை மனச்சோர்வு, மறு முனை மேனியா எனும் எல்லை மீறிய உற்சாகம். மேனியாவில் இருக்கும் பிள்ளையின் சங்கதி வேறு. இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்திருக்கும். எழுந்த வேகத்தில் பீரோவில் உள்ள துணியை எல்லாம் இறக்கி அடுக்கும். பகலில் ஒரு கொட்டாவிகூட வராது. அதற்குத் தூக்கம் தேவைப்படவே இல்லை. அதை ‘நித்தெ பேக்காகில்ல’ என்று சொல்லுங்கள். தமிழ் தெரிந்த டாக்டராக இருந்தால் ‘தூங்காமலே தெம்பா இருக்கான்’ என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு வேறு வேறு மருந்துச் சீட்டுகளுக்குக் கொண்டுபோய் விடும். முதல் வாக்கியத்தைக் கேட்டு மனச்சோர்வு மாத்திரை எழுதினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

மேனியா என்று முடிவு செய்ய மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோலில் நாள் கணக்கு உண்டு. மிதமிஞ்சிய உற்சாகமோ எரிச்சலோ, கூடவே அடங்காத சுறுசுறுப்பும், குறைந்தது ஏழு நாள், நாளின் பெரும்பகுதி நீடிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றியிருந்தால் நாள் கணக்கு பார்ப்பதில்லை. அதோடு தூக்கத் தேவை குறைவது, நிறுத்தாமல் பேசுவது, எண்ணங்கள் ஒன்றை ஒன்று துரத்துவது, கவனம் சிதறுவது, தன்னைப் பெரிய ஆளாக நினைப்பது, ஒரே நேரத்தில் பத்து வேலையைத் தொடங்குவது, விளைவு பாராமல் காசையோ உடம்பையோ ஆபத்தில் விடுவது ஆகிய ஏழில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். உற்சாகம் இல்லாமல் எரிச்சல் மட்டுமே இருந்தால் நான்கு. இதன் லேசான வடிவத்துக்கு நான்கு நாள், மனச்சோர்வுக்கு இரண்டு வாரம் கணக்கு. இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கவனிக்க வேண்டியது, எல்லாமே நாள் கணக்கு, வாரக் கணக்கு. காலையில் சிரித்து மதியம் அழுது மாலையில் கத்தும் பிள்ளைக்கு வேறு ஏதாவது கஷ்டம் இருக்கலாம். ஒரே நாளில் அப்படி மாறுவதை வைத்து இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

பெயர் சூட்டுவதில் அவசரம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே 1994–95க்கும் 2002–03க்கும் இடையில், பிள்ளைகளும் பதின்பருவத்தினரும் பைபோலார் என்று குறிக்கப்பட்டு டாக்டரைப் பார்த்த கணக்கு ஏறத்தாழ 40 மடங்கு ஆனது. எட்டு ஆண்டில் ஒரு நோய் 40 மடங்கு பெருகாது. எப்போதும் எரிந்து விழும் பிள்ளைகளை எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்த்ததுதான் காரணங்களில் பெரியது. அதனால்தான் 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில் அந்தப் பிள்ளைகளுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள்: பத்து வயதுக்கு முன்பே தொடங்கி, ஓராண்டுக்கு மேலாக, வாரம் மூன்று முறையாவது வெடித்துக்கொண்டு, இடைப்பட்ட நேரத்திலும் எரிச்சல் தணியாமல் இருப்பவர்கள் அவர்கள். பைபோலாரில் அலை வரும், போகும். இடையில் பிள்ளை பழைய பிள்ளையாக இருக்கும். ‘இவன் இப்படி இல்லையே, தீபாவளிக்குப் பிறகுதான் இப்படி’ என்று தாயால் தேதி சொல்ல முடிந்தால் அது பெரிய துப்பு. ‘நடக்கப் பழகின நாளிலிருந்தே இப்படித்தான்’ என்றால் ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) போன்ற வேறொன்றைப் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குள் பைபோலார் மிக அரிது; பதினைந்து வயதைத் தாண்டித்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

ஆகவே, ஒரு நோட்டுப் புத்தகம். மொபைல் ஆப் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க அதே போனைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும் என்பதால் எங்கள் ஓட்டு காகிதத்துக்கு. எண்பது பக்க நோட்டில் ஆறு கட்டம் போதும்: தேதி; படுத்த நேரம், எழுந்த நேரம்; மொத்தத் தூக்கம்; மனநிலை எண்; மாத்திரை டிக்; குறிப்பு. மனநிலைக்கு பூஜ்யம் என்றால் பிள்ளையின் வழக்கமான நிலை. மேலே +1, +2, +3; கீழே −1, −2, −3. +3 என்றால் வீட்டில் சமாளிக்க முடியாது. −3 என்றால் சாப்பிடவும் எழவில்லை. குறிப்பில் மாதவிலக்கு, காய்ச்சல், பரீட்சை, பயணம், வீட்டுச் சண்டை. ஒரு வாரம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

திங்கள்: 10.30–6.15, ஏழே முக்கால் மணி, 0, டிக்.
செவ்வாய்: 10.45–6.15, ஏழரை, 0, டிக்.
புதன்: 12.30–5, நாலரை, 0, இரவு மாத்திரை இல்லை, மண்டபத்தில் கல்யாணம்.
வியாழன்: 12–4.30, நாலரை, +1, டிக், பகலில் தூங்கவில்லை.
வெள்ளி: 1.30–4.30, மூன்று, +2, டிக், காலையிலேயே மூன்று பேருக்குப் போன்.

புதன் கணக்கில் வராது. கல்யாண வீட்டில் யாரும் தூங்குவதில்லை. வியாழன்தான் முக்கியம். முந்தைய இரவு தூக்கம் கெட்ட பிள்ளை வியாழனன்று சுருண்டு படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைவாகத் தூங்கி, அடுத்த நாளும் களைப்பே இல்லாமல், இரண்டு இரவு தொடர்ந்தால், அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்தக் கட்டத்தில் மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினாலே பல சமயம் அலை அடங்கிவிடும். ஒரு வாரம் விட்டால் வார்டு.

நோட்டை யார் எழுதுவது என்பதில் வீட்டில் சண்டை வரும். பதிமூன்று வயதுக்கு மேல் என்றால் மனநிலை எண்ணைப் பிள்ளையே போடட்டும், தூக்க நேரத்தைப் பெரியவர் எழுதட்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் அதுவும் தகவல்தான்: பிள்ளை ‘0’ போட்ட நாளில் அம்மா ‘மூன்று மணி நேரம்’ என்று எழுதியிருந்தால் டாக்டருக்கு அதைவிடத் தெளிவான சேதி கிடையாது. நோட்டை வைத்துப் பிள்ளையைத் திட்டக் கூடாது. ஒரு முறை திட்டினாலும் அடுத்த நாள் முதல் பொய்க் கணக்குதான்.

மேலே கல்யாணத்தைச் சொன்னது சும்மா இல்லை. தூக்கம் கெடுவது மேனியாவின் அறிகுறி மட்டுமல்ல, அதைக் கிளப்பிவிடும் தீப்பொறியும் அதுதான். நான்கரை மணி முகூர்த்தம், சாந்திநகரிலிருந்து ஊருக்கு இரவு பஸ், சிவராத்திரி கண்விழிப்பு, பரீட்சைக்கு முந்தைய இரவு டீ போட்டுக் குடித்துப் படிப்பது, எல்லாம் ஒரே கணக்கு. சென்னைக்குப் போவதானால் லால்பாக் ரயிலோ பிருந்தாவன் ரயிலோ பிடித்துப் பகலில் போய்விடலாம். கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து மணிக்குப் பிள்ளை படுக்க ஓர் அறையும், மாத்திரை கொடுக்க ஓர் ஆளும் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை எழும் நேரம் மற்ற நாளைவிட ஒரு மணிக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம். போன் இரவு ஒன்பதரைக்குச் சமையலறையில் சார்ஜுக்குப் போகட்டும், பெற்றோர் போனும் சேர்த்துத்தான். நீட், ஜே.இ.இ. கோச்சிங்கை இரவு பத்து வரை வைத்து, பள்ளி வேனைக் காலை ஆறே காலுக்கு அனுப்பும் இந்த ஊரில் இது சுலபமில்லை என்று தெரியும். இருந்தும் இந்த நோய் உள்ள பிள்ளைக்குக் கோச்சிங்கைவிட எட்டு மணி நேரத் தூக்கம் மதிப்பெண்ணைக் காப்பாற்றும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

முன்பு சொன்ன மருந்துச் சீட்டுக்கு வருவோம். பல பிள்ளைகளுக்கு இந்த நோய் முதலில் மனச்சோர்வாகத்தான் வரும். பன்னிரண்டு மணி நேரம் தூங்கும், வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாது, மதிப்பெண் சரியும். பக்கத்து கிளினிக்கில் மனச்சோர்வு மாத்திரை எழுதுவார்கள். வெறும் மனச்சோர்வாக இருந்தால் அது உதவும். அடியில் பைபோலார் இருந்தால், தனியாகக் கொடுக்கும் அந்த மாத்திரையே சில வாரங்களில் பிள்ளையை மேனியாவுக்குத் தூக்கிவிடலாம். மாத்திரை தொடங்கிய பிறகு திடீரென்று தூக்கம் குறைந்து பேச்சு அதிகமானால் ‘மருந்து நல்லா வேலை செய்யுது’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

டாக்டருக்கு இதை முன்கூட்டியே ஊகிக்க முக்கியமான வழி குடும்ப வரலாறு. அதைத்தான் நம்மவர்கள் மறைக்கிறார்கள். சித்தப்பாவுக்கு இருபது வயதில் ‘புத்தி பேதலித்தது’, பாட்டிக்கு ‘ஷாக்’ வைத்தது, பெரியப்பா நிலத்தை விற்று ஒரே மாதத்தில் மூன்று வியாபாரம் தொடங்கியது எல்லாம் டாக்டருக்கு வேண்டும். பிள்ளையின் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று மூடி வைக்கும் சேதி, பதினாறு வயதில் தப்பான மருந்தாகத் திரும்பி வருகிறது. பயத்துக்கு ஒரு வார்த்தை: பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. வளர்ப்பு சரியில்லாததால் வந்தது என்று அம்மாவைப் பார்த்து அத்தை சொல்வது முழுப் பொய்.

இனி லித்தியம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இன்றும் இதைப் பின்னுக்குத் தள்ள எந்த மருந்தும் வரவில்லை. ஒரு வகை உப்புதான். அதனாலேயே இதில் நடக்கும் கோளாறுகளில் பாதி, உப்பும் தண்ணீரும் சம்பந்தப்பட்டவை. சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் கிட்டத்தட்ட ஒன்று. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம், உப்பில்லாச் சாப்பாடு, ஏப்ரல் வெயிலில் கிரிக்கெட், பானிபூரி சாப்பிட்டு வாந்தி பேதி, எல்லாமே இந்த வழியில் ஆபத்து. சாதாரண உப்போடு வழக்கமான சாப்பாடு, நாளுக்கு இரண்டிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீர். வாந்தியோ பேதியோ காய்ச்சலோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். தலைவலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் புரூபென், காம்பிஃப்ளாம் வேண்டாம்; இரண்டிலும் இபுபுரூபென் இருக்கிறது, அது லித்தியம் வெளியேறுவதைத் தடுக்கும். வெறும் பாராசிட்டமால் கொடுக்கலாம்.

ரத்தப் பரிசோதனையில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. காலை மாத்திரை இருந்தால் அதை லேபுக்குக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். நடப்பது என்ன? ஏழு மணிக்கு அப்பா மறக்காமல் மாத்திரை கொடுத்துவிடுகிறார், ஒன்பதுக்கு ரத்தம் எடுக்கிறார்கள், அளவு 1.4 என்று வருகிறது, டாக்டர் டோஸைக் குறைக்கிறார், இரண்டு வாரத்தில் மேனியா திரும்புகிறது. இதற்கு நேர்மாறும் உண்டு: பத்து நாள் மாத்திரையை ஜன்னல் வழியே போட்டுவிட்டுப் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் ஒழுங்காகப் போட்டால் அளவு முழுதாக ஏறியிருக்காது, ‘இந்த டோஸ் போதவில்லை’ என்று ஏற்றிவிடுவார்கள். லேப் பையனிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவிய குழாயில் இந்த ரத்தத்தை எடுக்கக் கூடாது, குழாயில் உள்ள லித்தியமே கணக்கில் சேர்ந்துவிடும். பொதுவாக லிட்டருக்கு 0.6லிருந்து 1.2 மில்லி ஈக்விவலன்டுக்குள் வைப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் விஷம். தொடங்கிய பிறகும் டோஸை மாற்றிய பிறகும் ஐந்து முதல் ஏழு நாளில் ஒரு பரிசோதனை. நிலைப்பட்ட பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தைராய்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சேர்த்துப் பாருங்கள்.

கை லேசாக நடுங்குவது, தாகம், அடிக்கடி சிறுநீர் ஆகியவை பலருக்கும் இருக்கும். கை பெரிதாக ஆட, நடை தள்ளாட, நாக்கு குழற, வாந்தியும் மயக்கமும் சேர்ந்தால் அது அளவு ஏறியதன் அடையாளம். உடனே மருத்துவமனை, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வால்ப்ரோயேட் என்பது வலிப்புக்கும் கொடுக்கும் மாத்திரை. பெண் பிள்ளைகளுக்கு இது கூடியவரை வேண்டாம். பின்னாளில் கர்ப்பத்தின்போது இதைப் போட்டுக்கொண்டிருந்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் அளவுக்கு ஆபத்து. நீர்க்கட்டிப் பிரச்சினையும் சேரலாம். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள். மேனியாவை அடக்கக் கொடுக்கும் ஓலன்ஸபின், ரிஸ்பெரிடோன், க்விடியாபின் வகையில் பசி பயங்கரமாக ஏறும். இரவு பத்துக்கு இரண்டாவது சாப்பாடு கேட்பது மருந்தின் வேலை. ‘தின்னிப்பண்டாரம்’ என்று கேலி செய்தால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளை மாத்திரையைத்தான் நிறுத்தும். தொடங்கும் அன்றே எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு பார்த்து எழுதி வையுங்கள், மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். லமோட்ரிஜினில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே நிறுத்தி டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஓலன்ஸபின், ரிஸ்பெரிடோன் வகையில் சில மருந்துகள் தொடங்கிய முதல் சில நாள்களில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், தாடை இழுக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ‘காத்து கருப்பு’ என்று எலுமிச்சம்பழம் சுற்றிய வீடுகள் உண்டு. தசை இறுகுவதுதான் அது; எமர்ஜென்சியில் ஓர் ஊசி போட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். கோயில் விஷயத்தில் எங்களுக்குத் தகராறு இல்லை. குணசீலத்துக்கும் சோளிங்கருக்கும் போகிறவர்கள் போகட்டும், மாத்திரை டப்பா கையோடு போகட்டும். கட்டிப்போடும் இடம் மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

மேனியா ஏறியிருக்கும் வாரத்தில் வீட்டில் என்ன செய்வது? வாதாட வேண்டாம். ‘நான் ஐ.ஏ.எஸ். பாடத்தையே மாத்தி எழுதப் போறேன்’ என்று பிள்ளை சொன்னால் மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். ‘சரி, சாப்பிட்டுட்டுப் பேசலாம்’ என்ற அளவு போதும். வாக்கியம் குட்டையாக, குரல் தணிவாக. பார்க்க வரும் உறவினர்களை வாசலோடு அனுப்புங்கள்; ஆள் கூட்டம் கூட, விளக்கும் டி.வி.யும் கூட, மேனியா ஏறும். சாயங்காலத்திலிருந்தே விளக்கைக் குறையுங்கள். யு.பி.ஐ. பின் நம்பரை மாற்றுங்கள், ஸ்கூட்டர் சாவியை எடுத்து வையுங்கள், சோஷியல் மீடியா பாஸ்வேர்டைச் சில நாள் மாற்றி வைக்கப் பிள்ளை நன்றாக இருக்கும் காலத்திலேயே ஒப்புதல் வாங்கி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு வகுப்புக் குரூப்பில் போட்ட அறுபது மெசேஜ்தான், நோய் தணிந்த பிறகு பிள்ளையைப் பள்ளிக்கு வர விடாமல் தடுக்கும் மிகப் பெரிய வெட்கம்.

அலை இறங்கிக் கீழே போகும்போது ஆபத்து வேறு மாதிரி. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். எலி மருந்து, பூச்சி மருந்து வீட்டில் வேண்டாம். மொட்டை மாடிச் சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். ‘சாகணும்னு தோணுதாப்பா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். ஓசூர் ரோட்டில் டைரி சர்க்கிள் பக்கம் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் எமர்ஜென்சி 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.

பள்ளிக்கு நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. என்ன வேண்டும் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கிளாஸ் டீச்சருக்கு ஒரு பக்கக் கடிதம்: மேசையில் தண்ணீர் பாட்டில், கேட்டவுடன் டாய்லெட், வெயிலில் பி.டி. பீரியடில் நிழல், முதல் பீரியடில் தூக்கக் கலக்கம் இருந்தால் எழுப்பித் திட்டாமல் இருப்பது, கை நடுக்கத்தால் எழுத்து கோணினால் மதிப்பெண் குறைக்காமல் இருப்பது. லீவு முடிந்து திரும்பும் முதல் வாரம் அரை நாள். விட்டுப்போன பாடம் எல்லாவற்றையும் எழுதி முடிக்கச் சொன்னால் இரவு ஒரு மணி ஆகும்; நாம் கட்டிக் காத்த தூக்கம் அங்கே போய்விடும். எது அவசியமோ அதை மட்டும் டீச்சர் குறித்துக் கொடுக்கட்டும். மருத்துவ லீவுச் சீட்டுகளை அந்தந்த வாரமே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 75 சதவீத வருகைக் கணக்கு பிப்ரவரியில் எழும்போது பழைய சீட்டைத் தேடி அலைய முடியாது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றிதழ் கிடைத்தால் சலுகைகளுக்கு வழி உண்டு, சி.பி.எஸ்.இ. தேர்வில் தகுதியுள்ள மாணவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சான்றிதழ் தேவைப்படாது. பல பிள்ளைகள் அலைகளுக்கு இடையில் வகுப்பில் முதல் வரிசையில் இருப்பவர்கள்.

வார்டில் சேர்க்க வேண்டி வந்தால் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சேர்க்க, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு தகுதியுள்ள மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ பொறுப்பாளரோ முழு நாளும் கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளையோடு ஆண் பொறுப்பாளர் மட்டும் இருந்தால் பெண் உதவியாளர் ஒருவரை வைக்க வேண்டும். ‘பிள்ளையை விட்டுட்டுப் போங்க’ என்று எங்கேயாவது சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும். நிறுவனம் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள். மனநல மையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ ஒப்புதல் இல்லாமல் ஊடகங்களுக்கு வெளியிடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு. ‘செல்போன் தராததால் மாணவர் தற்கொலை’ என்று ஒரே காரணத்தைத் தலைப்பாக்கும் செய்திகளையும் நிறுத்துங்கள். அந்த வீட்டில் எத்தனை இரவு தூக்கம் கெட்டிருந்தது என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். அத்தகைய செய்தியின் அடியில் 14416ஐ அச்சிடுங்கள்.

இரண்டாவது, ஞாயிறு இணைப்பில் ஒரு முறை அரைப் பக்கம் ஒதுக்கி, மேலே சொன்ன ஆறு கட்டங்களை 31 வரிசையாக, விளம்பரம் எதுவும் இல்லாமல் அச்சிட்டுத் தாருங்கள். வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்வார்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார்கள். தலைப்பில் நோயின் பெயர் வேண்டாம். ‘தூக்கக் கணக்கு’ என்று இருந்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். கட்டங்கள் மட்டும் கொஞ்சம் தாராளமான அகலத்தில் இருக்கட்டும். பல வீடுகளில் இதை எழுதப்போவது பாட்டிகள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் ஒருவரும், பள்ளி ஆலோசகர் ஒருவரும்
அல்சூர், பெங்களூரு